காய்ச்சலில் படுப்பவருக்குக் கூலி வேண்டும்

2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்ற வரிசையைச் சென்னையும் சுற்றியுள்ள ஊர்களும் மறந்திருக்காது. ரெம்டெசிவிர் ஊசி வாங்க வந்தவர்கள் அவர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, பரிசோதனை அறிக்கை, ஆதார் நகல் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தெருவிலேயே காத்துக் கிடந்தார்கள். பலர் வீட்டில் நோயாளியைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர்கள். விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் கூட்டம் அடங்கவில்லை. ஊசியை நேரடியாக மருத்துவமனைகளுக்கே கொடுப்பது என்று அரசு முடிவெடுத்த பிறகுதான் அந்த வரிசை கலைந்தது.

அதற்கு ஏழு மாதம் முன்பே, 2020 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வின் இடைக்கால முடிவு வெளியாகிவிட்டது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பை ரெம்டெசிவிர் குறைத்ததாக அதில் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு மருந்துக்காக, இரண்டாம் அலையின் உச்சத்தில், தங்கள் உடம்பிலும் தொற்று இருந்திருக்கக்கூடியவர்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அம்மா மூச்சுக்குத் திணறும்போது எந்தப் பிள்ளையும் போய் நிற்கத்தான் செய்யும். கொள்ளைநோய் என்றால் மீட்சி ஊசியில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையை நம்ப வைத்த நாம்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மருந்தையும் தடுப்பூசியையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, மூச்சுத்திணறலோடு வந்தவர்களில் பலரைக் காப்பாற்றியது. தடுப்பூசி கோடிக்கணக்கானவர்களை உயிரோடு வைத்தது. ஆனால், ஏழை நாடுகளுக்கு இவை வந்து சேரும் வரிசை நமக்குத் தெரியும். 2021 முடியும்போது, குறைந்த வருமான நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட ஒரு தவணை தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் 2020 அக்டோபரில் கேட்டன. நீர்த்துப்போன ஒரு தீர்மானம் 2022 ஜூனில் கிடைத்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 20 மாதங்கள். அதற்குள் டெல்டாவும் வந்து போனது, ஒமைக்ரானும் வந்து போனது.

அடுத்த தொற்று எதுவானாலும் அதன் முதல் ஓராண்டை நாம் மருந்தில்லாமல்தான் கடக்கப்போகிறோம். அந்த ஓராண்டில் நம் கையில் என்ன இருக்கும் என்பதுதான் இன்றைக்கே பேசவேண்டிய விஷயம்.

கையில் இருந்ததை வைத்துச் சாதித்துக் காட்டிய ஊர்கள் உண்டு. 2014 ஜூலையில் எபோலா தொற்றோடு ஒரு பயணி விமானத்தில் லாகோஸ் வந்து இறங்கினார். இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது; எபோலாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ அன்று கிடையாது. போலியோ ஒழிப்புக்காகப் பழக்கப்பட்டிருந்த ஆட்களை நைஜீரியா அப்படியே இந்த வேலைக்குத் திருப்பியது. தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிப் பிடித்து, வீடு வீடாக 18,000 தடவைக்கு மேல் போய்ப் பார்த்தார்கள். 20 பேரோடு, 8 இறப்புகளோடு நோய் நின்றது. அக்டோபரில் நைஜீரியா எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 2018-ல் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வந்தபோது கேரளம் செய்ததும் இதையேதான். 17 உயிர்கள் போயின. ஆனால், தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பட்டியலிட்டு, கண்காணித்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டார்கள். வியட்நாமில் 2020 முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் 35 பேர். அந்த ஆண்டு உலகில் யாரிடமும் பொதுமக்களுக்குப் போட்டு முடித்த தடுப்பூசி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். திருமுல்லைவாயிலை மாசிலாமணீசுவரர் கோயிலாலும் கொடியிடை அம்மனாலும் அறிந்தவர்கள் அதிகம். அதையொட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள், நாட்டின் முக்கியமான நோய்ப்பரவியல் மையங்களில் ஒன்றான தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருப்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவாக்கப்பட்டது அது. 2020 ஜூலையில் சென்னைவாசிகளின் ரத்தத்தை எடுத்து, ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதற்குள் தொற்றுக்கு ஆளாகிவிட்டார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னவர்கள் இவர்கள்தான். கொரோனாவைப் பற்றி ஏழைகளின் பக்கம் நின்று யோசிக்க நமக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை. அது பேருந்து ஏறாமல் போய்ச் சேரும் தூரத்திலேயே இருந்தது.

தமிழ்நாடும் ஆந்திரமும் சேகரித்த தொடர்புப் பட்டியல்களை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் 2020-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. ஏறத்தாழ 85,000 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,000 பேர். பத்துக்கு ஏழு நோயாளிகள் தங்கள் தொடர்பில் இருந்த யாருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. மிகச் சிலரிடமிருந்துதான் பெரும்பகுதி பரவியிருக்கிறது. நீண்டநேரம் ஒரே வண்டியில் நெருக்கமாகப் பயணம் செய்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் வெயிலில் தெருத் தெருவாக நடந்த சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், தற்காலிகமாக அமர்த்தப்பட்ட களப்பணியாளர்கள். பணக்கார நாடுகள் பலவற்றால் செய்ய முடியாமல்போன வேலை இது. அன்று தற்காலிகமாகச் சேர்த்தவர்களை அலை ஓய்ந்ததும் நாம் அனுப்பிவிட்டோம்.

சென்னையில் காய்ச்சல் முகாம்களும் வீடு வீடான விசாரிப்பும் பலன் கொடுத்தன என்றே நான் நம்புகிறேன். 2020 ஜூன் இறுதியில் நாளுக்கு 2,000-ஐத் தாண்டியிருந்த புதிய தொற்று, ஜூலைக் கடைசியில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது. ஜூன் 19 முதல் 30 வரை இருந்த கடுமையான ஊரடங்குக்கும் இதில் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால், அந்த 12 நாள் ஊரடங்குக்கு ரேஷன் அட்டைக்குக் கொடுத்த உதவித்தொகை 1,000 ரூபாய். நாளுக்கு 83 ரூபாய். அதற்கு முன் மார்ச் மாதம் 21 நாள் ஊரடங்குக்கும் அதே 1,000 ரூபாய்தான். நாளுக்கு 48 ரூபாய்கூட இல்லை. அரிசி விலையில்லாமல் கிடைத்தது, அம்மா உணவகத்தில் சாப்பாடு கிடைத்தது, அதெல்லாம் உண்மை. வீட்டு வாடகைக்கும் கேஸுக்கும் பால் பாக்கெட்டுக்கும் இந்தக் காசு எந்த மூலைக்கு?

மருந்தில்லாக் காலத்தின் எல்லா ஆயுதமும் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். பரிசோதனை செய்யலாம், தொடர்பைத் தேடலாம், தனிமைப்படுத்தலாம். காய்ச்சல் கண்டவர் அதை வெளியே சொன்னால்தான் இதெல்லாம் தொடங்கும். சொன்னால் கூலி போகும் என்றால் அவர் சொல்ல மாட்டார். ஒரு டோலோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடியையும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரையும் பாருங்கள். திருமுல்லைவாயிலிலேயே பெண்களுக்கான சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சுற்றிலும் லேத் பட்டறை, பவுடர் கோட்டிங், பிளாஸ்டிக் மோல்டிங், தையல் யூனிட். சி.டி.எச். சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அபார்ட்மென்ட்களுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஷிஃப்ட் முறையில் தூங்கும் இளைஞர்கள். நோய்வாய்ப்பட்டு வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் என்பது இவர்களில் எத்தனை பேருக்கு உண்டு?

உண்டு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் உடல்நலமில்லாமல் விடுப்பில் இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை அது கொடுக்கும். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சாதாரணப் பட்டறைக்கு அது கட்டாயமில்லை. ஷேர் ஆட்டோக்காரருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் சித்தாளுக்கும் அது கிடையாது. கிடைப்பவர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது: நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. சாதாரணத் தலைவலிக்கெல்லாம் விடுப்பு எடுத்துவிடக் கூடாது என்று நினைத்து வைத்த விதியாக இருக்கலாம். கொரோனா போன்ற நோயில் ஒருவர் உடம்பிலிருந்து கிருமி மிக அதிகமாக வெளியேறுவது அறிகுறி தெரிவதற்குச் சற்று முன்னும் தெரிந்த முதல் ஓரிரு நாளிலும்தான். எந்த இரண்டு நாள் அவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டுமோ, அந்த இரண்டு நாளுக்குத்தான் நாம் சம்பளம் கொடுப்பதில்லை.

முதலாளிகளே கொடுக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் தரவேண்டும் என்று ஒன்றிய உள்துறை 2020 மார்ச் 29 அன்று உத்தரவு போட்டது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. மே மாதத்திலேயே உத்தரவு கைவிடப்பட்டது. நான்கு பேரை வைத்து லேத் ஓட்டும் ஒருவருக்கு ஆர்டரும் இல்லை, வரவேண்டிய பில்லும் வரவில்லை என்கிறபோது இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதை அரசு ஏற்க வேண்டும் என்கிறேன். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஏழு நாள் வீட்டில் படுக்க 3,500 ரூபாய். அவர் வேலைக்குப் போய், அறையில் உள்ள நான்கு பேருக்கும் ஷிஃப்டில் உள்ள பத்துப் பேருக்கும் பரப்பி, அவர்களில் ஒருவர் ஐ.சி.யூ-வில் சேர்ந்தால் ஆகும் ஒரு நாள் செலவை இதோடு வைத்துப் பார்த்தால் போதும், இது தானமா சிக்கனமா என்று விளங்கும். எல்லாரையும் அடைத்துவைக்கும் ஊரடங்கைவிட, நோய் கண்டவருக்கு மட்டும் முழுக் கூலி கொடுத்து வீட்டில் வைப்பது அரசுக்கும் மலிவு, ஊருக்கும் மலிவு.

சாப்பாட்டுக்கும் இதே நியாயம்தான். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் மாதாமாதம் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டபோது, வீட்டில் எல்லாருக்கும் கொடுத்த இடங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. நபருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை, அவ்வளவுதான். காசநோயும் கொரோனாவும் வேறு வேறு நோய்கள். இருந்தாலும், ஏழை நாட்டில் தொற்றைத் தடுக்கும் பொருட்களின் பட்டியலில் பருப்பையும் எழுதியே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அடுத்து வீடு. தனி அறையில் இருங்கள், தனிக் கழிவறையைப் பயன்படுத்துங்கள் என்று 2020-ல் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒற்றை அறையும் ஒரு கதவும் மட்டும் உள்ள லைன் வீட்டில், ஆறு குடித்தனத்துக்கு ஒரு கழிவறை உள்ள இடத்தில், அந்த அறிவுரையைக் கேட்பவர் என்ன செய்வார்? மும்பையின் மூன்று வார்டுகளில் 2020 ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது. குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது; மற்ற வீடுகளில் 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே நோய். இடையில் இருந்தது சுவரும் கழிவறையும் காற்றும். காற்றின் பங்கைத் தெளிவாக ஒப்புக்கொள்ளவே உலக சுகாதார நிறுவனத்துக்கு 2021 ஆகிவிட்டது. அதுவரை நாம் தெருவுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம், கடையில் வாங்கிய காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல், கூரையோரம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் — பட்டறைக்கும் லைன் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இவற்றுக்கு ஆகும் செலவு எந்த மருந்தின் விலைக்கும் பக்கத்தில் வராது.

திருமழிசை இதற்கு நம் பக்கத்து உதாரணம். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னதாக அறிவித்தார்கள். 25-ஆம் தேதி கடைத்தெருவெல்லாம் ஜனம் பொங்கியது. கோயம்பேடு சந்தையில் பிடித்த தொற்று அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை லாரியிலும் வேனிலும் போனது. மே 5 அன்று சந்தையை மூடி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் திருமழிசையில் திறந்தவெளியில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். வியாபாரிகள் மழையிலும் சேற்றிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால், திறந்தவெளிக்குச் சந்தையை நகர்த்துவது முன்கூட்டியே போட்டுவைத்த திட்டமாக இருந்திருந்தால், தரையும் கூரையும் கழிப்பறையும் தயாராக இருந்திருந்தால், மார்ச் மாதத்திலேயே அதைச் செய்திருக்கலாம்.

முகக்கவசத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில், இலவசமாகக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் அணிந்து காட்டி, சந்தையிலும் மசூதியிலும் நேரில் நினைவூட்டியபோது முகக்கவசம் அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். அறிகுறியோடு கூடிய தொற்று 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது; அறுவைசிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு 35 சதவீதம். குறுஞ்செய்தி அனுப்பியதால் கூடுதலாகப் பயன் எதுவும் இல்லை. நம் ஊரில் அபராத ரசீதுப் புத்தகத்தோடு நின்றவர்கள், இலவச முகக்கவசத்தோடு நின்றிருக்கலாம்.

பயத்தைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். அதைப் பார்த்தவர்கள் உள்ளே போக மாட்டார்கள், அந்த வீட்டில் உள்ளவர்களும் வெளியே அலைய மாட்டார்கள். அந்த வீட்டை யாரும் இழிவாகப் பார்த்ததில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். 2020-ல் நாம் வாசலில் ஒட்டியது எச்சரிக்கை நோட்டீஸ், அடித்தது தகரம். விளைவு, அந்த ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஓர் ஆந்திர மருத்துவரின் உடலை அம்பத்தூர் மின்மயானத்தில் எரிக்கவிடாமல் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வாரத்திலேயே சென்னையில் இன்னொரு மருத்துவரின் அடக்கத்தையும் கல்லெறிந்து தடுத்தார்கள். அதற்குப் பிறகு அரசு, இறுதிச் சடங்கைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் தேவைதான். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது டிசம்பரில்; அதற்குள் எத்தனை வீடுகள் காய்ச்சலை மறைத்தன என்பதற்குக் கணக்கு இல்லை.

நம் மண்ணில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச்சட்டம் போட்ட மாகாணம் இது. பொதுச் சுகாதாரத் துறை இங்கே தனித்து இயங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. லாகோஸில் போலியோ ஊழியர்கள் எபோலாவுக்குத் திரும்பியதுபோல, இந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் நாளைக்கு ஒரு கொள்ளைநோய்க்குத் திரும்ப முடியும். அதற்கான பயிற்சியும் நிரந்தர வேலையும் முறையான சம்பளமும் இப்போதே வேண்டும். நோய் வந்த பிறகு தினக்கூலிக்கு ஆள் தேடக்கூடாது.

இன்னொன்று, எங்கள் ஊர் மட்டுமே உணரக்கூடிய சிக்கல். அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். ரயிலில் அடுத்த நிறுத்தமான திருமுல்லைவாயில், ஆவடி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். வேலை செய்கிற இடம் ஒரு நிர்வாகத்தில், தூங்குகிற வீடு இன்னொன்றில். பட்டறையில் ஒருவருக்குத் தொற்று என்றால், பக்கத்து மெஷினில் நின்றவரைத் தேடவேண்டியது அடுத்த மாவட்டத்து ஊழியர். இந்த இரண்டு மாநகராட்சிகளுக்கும் பொதுவான ஒரு காய்ச்சல் பதிவேடு, பொதுவான ஒரு கட்டுப்பாட்டு அறை என்பது கணினி யுகத்தில் பெரிய கோரிக்கை அல்ல.

தமிழ்நாடு அரசிடம் நான் வேண்டுவது இது. அறிவிக்கப்பட்ட தொற்றுக்காலத்தில் காய்ச்சல் கண்டு பரிசோதனைக்கு வரும் எந்தத் தொழிலாளிக்கும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மாநிலத்தவரானாலும் வெளிமாநிலத்தவரானாலும், ஏழு நாள் கூலியை முதல் நாளே வங்கிக் கணக்கில் போடுவதற்கு ஒரு நிதியை 1939 சட்டத்தின் கீழ் இப்போதே ஏற்படுத்துங்கள். தொற்றுக்காலத்தில் இ.எஸ்.ஐ-யின் முதல் இரண்டு நாள் விதியை நீக்க ஒன்றிய அரசை வற்புறுத்துங்கள். அம்பத்தூர், ஆவடித் தொழிற்சங்கங்களும் சிறுதொழில் முனைவோர் சங்கங்களும் இந்த ஒரு விஷயத்திலாவது ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் அதைக் கோட்டைக்குக் கொண்டு போகவேண்டும்.